சில மணி நேர ஆறு

அமெரிக்காவின் தென்மேற்கில் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களில் பலர் பேஜ் என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்குவார்கள். அரிசோனா மாநிலத்தின் வட எல்லையை ஒட்டிய சிற்றூர் அது. கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1957ல் போட்ட குடியிருப்பு, அணை வேலை முடிந்த பிறகும் ஊராக நிலைத்துவிட்டது. கிராண்ட் கேன்யனைப் பார்த்துவிட்டு வடக்கே யூட்டாவுக்குப் போகிறவர்களுக்கும், லாஸ் வேகஸிலிருந்து மான்யுமென்ட் வேலிக்குப் போகிறவர்களுக்கும் தங்க வசதியான இடம். ஆனால் பாதிப் பேர் அங்கே நிற்பதற்குக் காரணம் வசதி அல்ல. ஊரைத் தாண்டிக் கிழக்கே சில கிலோமீட்டரில், நவாஹோ மக்களின் நிலத்தில், ஆன்டிலோப் கேன்யன் இருக்கிறது.

நெடுஞ்சாலை 98ல் போகும்போது அது கண்ணில் படாது. கிராண்ட் கேன்யன் மாதிரி பெரிதாக வாய் பிளந்து கிடக்கும் பள்ளம் இல்லை இது. சிவந்த பொட்டல், அங்கங்கே முட்புதர், தூரத்தில் மொட்டைப் பாறை மேடுகள், அவ்வளவுதான் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கு இரண்டு துண்டாக இருக்கிறது. மேல் ஆன்டிலோப்புக்குத் திறந்த டிரக்கில் மணல் ஓடையின் வழியாகக் கூட்டிப்போவார்கள்; உள்ளே தரைமட்டத்திலேயே நடந்து நுழையலாம். கீழ் ஆன்டிலோப்புக்கு நடந்தே போய் இறங்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கீழ் ஆன்டிலோப் பாறையில் விழுந்த ஒரு விரிசல். சில இடங்களில் ஓர் எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். அந்த விரிசலுக்குள் இரும்புப் படிகளில் இறங்கினால் கீழே ஆள் போகிற அளவுக்கு வளைந்து வளைந்து ஒரு பாதை, இரு பக்கமும் பல மீட்டர் உயரத்துக்கு ஆரஞ்சு நிறப் பாறை. அகலத்தைவிட ஆழம் பல மடங்கு அதிகமாக இருக்கும் இந்த வகைப் பள்ளத்தாக்கைத்தான் ஸ்லாட் கேன்யன் என்கிறார்கள். இடுக்குப் பள்ளத்தாக்கு என்று சொன்னால் நமக்குச் சட்டென்று பிடிபடும்.

இதன் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நாள்காட்டியில், கணினித் திரையில், விமான நிலையச் சுவரில் எங்காவது பார்த்திருப்பீர்கள். அலை அலையாக நெளியும் சுவர்கள், மேலிருந்து தூண் போல விழும் வெயில். மேல் ஆன்டிலோப்பில் எடுத்த ஒரு படத்தை 65 லட்சம் டாலருக்கு விற்றதாகப் பீட்டர் லிக் என்ற படக்கலைஞரின் தரப்பு 2014ல் அறிவித்ததும் உலகமே பேசியது. இப்படிப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த இடம் யாரோ செதுக்கி முடித்து வைத்துவிட்டுப் போன சிற்பம் போலத் தோன்றும். அந்த எண்ணத்தோடு உள்ளே போனால் பாதிதான் புரியும். ஆன்டிலோப் கேன்யன் ஓர் ஆறு. இன்றைக்கும் ஓடுகிற ஆறு. ஆண்டில் சில தடவை, ஒவ்வொரு தடவையும் சில மணி நேரம் மட்டும் ஓடும். மற்ற நாட்களில் அதன் படுகையில் நாம் நடக்கிறோம்.

முதலில் பாறையைப் பார்ப்போம். புவியியலாளர்கள் இதற்கு நவாஹோ மணற்பாறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், இன்றைய யூட்டா, அரிசோனா, நெவாடா, வயோமிங் பகுதிகளை மூடிக்கிடந்த ஒரு மணல் கடல்தான் இப்படிக் கல்லாகியிருக்கிறது. பூமியின் வரலாற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பெரிய மணல்மேட்டுப் பாலைவனங்களில் ஒன்று அது. ஸயான் தேசியப் பூங்காவில் இதே பாறை 600 மீட்டருக்கும் மேல் தடிமனாக, செங்குத்துச் சுவராக நிற்கிறது. பேஜைச் சுற்றி அவ்வளவு உயரமாகத் தெரியாது. காலுக்குக் கீழே கிடக்கிறது.

அவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் அருமையானது. மணலில் ஜிர்கான் என்ற கனிமத்தின் நுண்மணிகள் கொஞ்சம் கலந்திருக்கும். லேசில் தேயாத, கரையாத மணிகள். அவை உருவாகும்போது யுரேனியத்தைத் தம்முள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த யுரேனியம் நமக்குத் தெரிந்த ஒரு வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் அந்த மணி எந்தக் காலத்துப் பாறையில் பிறந்தது என்று கணக்கிட்டுவிடலாம். அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டிக்கின்சனும் ஜார்ஜ் கெரல்ஸும் இந்தப் பகுதியின் ஜுராசிக் மணற்பாறைகளில் இருந்து மணிகளைப் பொறுக்கி எடுத்துக் கணக்கிட்டு, 2003ல் முடிவை வெளியிட்டார்கள். மணிகளில் கணிசமானவற்றின் வயது, கண்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் அப்பலாச்சியன் மலைகளின் பாறைகளோடு ஒத்துப்போனது. அந்த மலைகள் தேய்ந்து, ஆறுகள் கண்டத்தின் குறுக்கே மணலை மேற்கே தள்ளிக்கொண்டு வந்து போட, காற்று அதை வாரி மேடுகளாகக் குவித்திருக்கிறது. ஆக, ஆன்டிலோப்பின் சுவரில் கை வைப்பவர் அமெரிக்காவின் மறுகோடியில் இருந்த மலைத்தொடரின் துகள்களின் மேல் கை வைக்கிறார்.

அந்தச் சுவரை விரலால் லேசாகத் தேய்த்தால் மணல் உதிரும். உதிர்ந்ததை ஒரு கைலென்ஸில் பார்த்தால் மணிகள் உருண்டையாக, மேற்பரப்பு மங்கலாக இருக்கும். காற்றில் ஒன்றோடொன்று மோதி மோதித் தேய்ந்ததன் அடையாளம் அது. உள்ளே நிறமற்ற குவார்ட்ஸ். மேலே மட்டும் மெல்லிய செம்பூச்சு. ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடுதான் அந்தப் பூச்சு. திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டு மணல் சிவந்திருப்பதற்கும் இதே இரும்புதான் காரணம். அந்த மணிகளையும் கழுவித் தேய்த்தால் உள்ளே வெளுப்பாக இருக்கும். தேரி இன்னும் மணலாகவே இருக்கிறது. இங்கே அது புதைந்து, மேலே பல நூறு மீட்டர் படிவங்கள் ஏறி அழுத்தி, கால்சைட் முதலான கனிமங்கள் மணிகளுக்கு இடையே புகுந்து ஒட்டவைத்து, கல்லாகிவிட்டது. ஒட்டியது இறுக்கமாக ஒட்டவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இந்த இடுக்கு உருவானதில் அதற்குப் பங்குண்டு.

சுவரில் இரண்டு விதக் கோடுகள் இருக்கின்றன. வழிகாட்டியின் அவசரத்தில் பலரும் இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். முதலாவது, மிக நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்து ஓடும் மெல்லிய வரிகள். ஒரு கட்டு வரிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதன் தலையை வெட்டியது போல ஒரு கோடு. அதற்கு மேலே வேறு கோணத்தில் இன்னொரு கட்டு. இவை காற்று போட்டவை. மணல்மேட்டின் ஒரு பக்கம் காற்று மணலை உருட்டி ஏற்றும். உச்சிக்கு வந்த மணல் மறுபக்கத்தில், ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், சரிந்து விழும். ஒவ்வொரு சரிவும் ஒரு வரி. மேடு மெல்ல நகர, வரிகள் அடுக்கடுக்காகச் சேரும். பிறகு வரும் இன்னொரு மேடு பழைய மேட்டின் தலையைச் சீவிவிட்டு அதன் மேல் ஏறும். அந்தக் காலத்துக் காற்று எந்தத் திசையில் வீசியது என்பதைக்கூட இந்தச் சாய்வுகளை அளந்து சொல்லிவிடுகிறார்கள்.

காற்று மட்டுமல்ல, மழையும் இந்தக் கல்லில் பதிவாகியிருக்கிறது. பேஜுக்கு மேற்கே இருக்கும் கயோட்டி பியூட்ஸ் பகுதியில், இதே நவாஹோ மணற்பாறையில், டேவிட் லூப்பும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ஒழுங்காகச் சாய்ந்த வரிகளுக்கு நடுவே, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, மணல் கட்டியாக வழுக்கிக் குலைந்த தடங்கள். உலர்ந்த மணல் அப்படிக் கட்டியாக வழுக்காது. நனைந்த மணல்தான் வழுக்கும். ஆண்டுதோறும் மணல்மேடு நகர்ந்த தூரத்தோடு ஒப்பிட்டு, இவை பருவமழையின் தடங்கள் என்று 2001ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையை ஆண்டுவாரியாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது.

இரண்டாவது வகைக் கோடுகள் பெரியவை. கிண்ணம் போலக் குழிந்த பள்ளங்கள், புரி போல முறுக்கிக்கொண்டு மேலேறும் விளிம்புகள், ஒரு சுவர் உள்வாங்கும் இடத்தில் எதிர்ச்சுவர் பிதுங்கி நிற்கும் நெளிவுகள். இவை காற்றின் வரிகளைப் பொருட்படுத்தாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இவை தண்ணீர் போட்டவை. வயதில் முதல் வகைக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. நேற்றுப் பிறந்தவை என்றே சொல்ல வேண்டும். படங்களில் நாம் ரசிக்கும் நெளிவு முழுக்க இந்த இரண்டாவது வகை. மெல்லிய வரிகள் அந்த நெளிவின் மேல் நிழல்கோடுகளாக ஓடி அதை இன்னும் வளைத்துக் காட்டுகின்றன.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். படத்தில் தெரியும் அந்தக் கனல் ஆரஞ்சு பொய்யில்லை. ஆனால் அது பாறையின் சொந்த நிறம் மட்டும் அல்ல. இடுக்கின் அடிவரை வெயில் நேராக வருவது அபூர்வம். பெரும்பாலும் மேல் விளிம்பில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, மறுபடி இந்தச் சுவரில் பட்டுத்தான் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு தடவை படும்போதும் பாறை நீல ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு கணக்குக்கு, சிவப்பில் 60 சதவீதமும் நீலத்தில் 20 சதவீதமும் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை பட்டுத் திரும்பினால் சிவப்பு 21.6 சதவீதம் மிஞ்சும், நீலம் 0.8 சதவீதம்தான். முதலில் சமமாகப் புறப்பட்ட இரண்டுக்கும் இப்போது 27 மடங்கு வித்தியாசம். அதனால்தான் ஆழம் போகப் போகச் சுவர் உள்ளிருந்தே எரிவது போல இருக்கிறது. பக்கத்திலேயே சில மூலைகள் ஊதா நிறத்தில் தெரியும். அங்கே பட்டுத் திரும்பிய வெயில் எட்டவில்லை. மேலே தெரியும் துண்டு வானத்தின் நீல வெளிச்சம் மட்டும் சிவந்த பாறையில் விழுகிறது. நம் கண் இந்த வித்தியாசத்தைச் சமன்செய்து பழகிக்கொள்கிறது. கேமரா அப்படிச் செய்யாததால் படத்தில் இரண்டு நிறமும் தூக்கலாக விழுகின்றன.

அந்த வெயில் தூணுக்கு வடிவமும் பருவமும் கூடிவர வேண்டும். மேல் ஆன்டிலோப் அடியில் அகலமாகவும் உச்சியில் குறுகியும் இருக்கும். அதனால் உச்சி இடைவெளி வழியாக வெயில் கற்றையாக இறங்கும். கீழ் ஆன்டிலோப் அதற்கு நேர்மாறு, மேலே அகலம், கீழே இடுக்கு. வெளிச்சம் அதிகம், கற்றை குறைவு. பேஜ் வடக்கு அட்சரேகை 37க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் 21 நண்பகலில் அங்கே சூரியன் 76 பாகைக்கு மேல் ஏறும். டிசம்பர் 21ல் 30 பாகையைக்கூடத் தொடாது. மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, அதுவும் நண்பகலை ஒட்டித்தான் கற்றை அடிவரை வருகிறது. தூசி இல்லாவிட்டால் அதுவும் தெரியாது. காற்றில் மிதக்கும் நுண்மணலில் பட்டுச் சிதறும் ஒளியைத்தான் நாம் தூணாகப் பார்க்கிறோம். காரில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ நிலம் மாற்றுகிறது. பேஜில் ஒரு நேரம் காட்டும் கைபேசி சில கிலோமீட்டர் தள்ளி ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும். கேன்யன் சுற்றுலாக்கள் பேஜ் நேரப்படிதான் கிளம்பும்.

இனி முக்கியமான கேள்விக்கு வரலாம். ஓர் ஆறு பாறையை அறுத்தால் பள்ளத்தாக்கு வரும், சரி. ஏன் இவ்வளவு இடுக்காக வர வேண்டும்? நம்மூர் மலைகளில் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் விரிந்து கிடக்கின்றனவே?

பள்ளத்தாக்கின் வடிவம் இரண்டு வேலைகளுக்கு இடையே நடக்கும் பந்தயத்தைப் பொறுத்தது. ஆறு அடியை ஆழமாக்கிக்கொண்டே போகும். மழை, வேர், மண்சரிவு, வேதிச்சிதைவு எல்லாம் சேர்ந்து கரைகளைச் சரித்து அகலமாக்கிக்கொண்டே போகும். மழை மிகுந்த ஊரில் இரண்டாவது வேலை மும்முரமாக நடக்கும். பாலைவனத்தில் அது மந்தம். செடி இல்லை, மண் இல்லை, ஈரம் இல்லை. கூடவே இந்த மணற்பாறையில் விரிசல்கள் குறைவு. பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ வேண்டிய இடத்தில் முழுசாக நிமிர்ந்து நிற்கிறது. ஆக, சுவர் சரியாது. அடி மட்டும் தேயும்.

அடி தேய்வதற்கோ எல்லாம் சாதகம். மணிகளை ஒட்டவைத்திருக்கும் பசை வலுவில்லாதது என்று முன்பே பார்த்தோம். வெள்ளத்தில் வருவது வெறும் தண்ணீரும் அல்ல. பாறையிலிருந்தே உதிர்ந்த மணலும் கூழாங்கற்களும் கலந்த குழம்பு. அந்த மணல் ஓடும் தண்ணீரின் கையில் இருக்கும் உப்புத்தாள். பாறையில் ஏற்கெனவே ஓடும் ஒரு விரிசலில் தண்ணீர் முதலில் புகுகிறது. அங்கே கொஞ்சம் ஆழமானதும் அடுத்த வெள்ளம் முழுவதும் அங்கேயே கூடுகிறது. அகலம் குறைவாக இருப்பதால் நீர்மட்டம் உயர்கிறது, வேகம் கூடுகிறது. ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதனால் இடுக்கான இடம்தான் இன்னும் வேகமாக ஆழமாகும். தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சி இது.

நெளிவு எப்படி வந்தது? இவ்வளவு வேகத்தில், இவ்வளவு குறுகிய தடத்தில் தண்ணீர் நேராகப் போகாது. ஒரு சுவரில் மோதி எதிர்ச்சுவருக்குத் தாவும். மோதும் இடமெல்லாம் சுழலும். சுழல் ஒரே இடத்தில் நின்று மணலையும் கல்லையும் சுழற்றிக் குடையும்போது பாறையில் குடம் போலக் குழி விழும். அந்தக் குழிகள் ஆழமாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுச்சுவர்கள் உடைந்து போனபின் மிஞ்சுவதுதான் அந்த அலையலையான விளிம்பு. கீழ் ஆன்டிலோப்பில் தலைக்கு மேலே ஓரிடத்தில் பாதிக் கிண்ணம் ஒன்று குடைந்திருப்பதைக் கண்டால், ஒரு காலத்தில் ஆற்றின் தரை அங்கே இருந்தது, ஒரு சுழல் அங்கே நின்று வேலை செய்தது என்று பொருள்.

இந்த வேலை அமைதியாக, துளித்துளியாக நடந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இங்கே எந்த வேலையும் நடப்பதில்லை. நடக்கும்போது கொடூரமான வேகத்தில் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அங்குள்ள மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை அமெரிக்கத் தென்மேற்குக்கும் ஒரு பருவமழை உண்டு. காலையில் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். மதியத்துக்கு மேல் இடிமேகங்கள் எழும்பும். ஒரு மேகம் சில கிலோமீட்டர் அகலத்தில் கொட்டித் தீர்க்கும். அதற்குப் பக்கத்து ஊரில் வெயில் அடிக்கும். கொட்டும் மழை விழுவது மொட்டைப் பாறையில். உறிஞ்ச மண் இல்லை, தடுக்கப் புல் இல்லை. 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2.5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 25 கோடி லிட்டர். அதில் பாதி வழிந்தோடி 2 மீட்டர் அகல இடுக்குக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று, நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 24,000 லிட்டர். எல்லாம் வடிய ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் பாறைக்கு வேலை நாள்.

இந்தக் கணக்கு தாளில் மட்டும் இருப்பதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப்புக்குள் சுற்றுலாப் பயணிகள் இருந்தபோது இப்படியொரு வெள்ளம் வந்தது. அவர்கள் நின்ற இடத்தில் மழை மிகக் குறைவு. பெருமழை பெய்தது பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஓடையின் மேற்புறத்தில். அன்றைக்கு உள்ளே இறங்க இருந்தவை மர ஏணிகள். வெள்ளம் அவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள், பலர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். ஒரு குழுவின் வழிகாட்டியாக வந்தவர் மட்டும் பிழைத்தார். இருவரின் உடல் கிடைக்கவே இல்லை. நாம் ரசிக்கும் அதே வழவழப்பு அன்று அவர்களுக்குப் பிடிமானம் இல்லாமல் செய்தது. அடியில் நிற்பவருக்கு வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும், அடிவானத்தில் கறுத்து நிற்கும் மேகம் தெரியாது. அந்த இடத்தின் அழகையும் அபாயத்தையும் ஒரே வடிவம்தான் உண்டாக்குகிறது என்பதால் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

2015 செப்டம்பர் 14 அன்று ஸயான் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர் இதே மாதிரி இறந்தார்கள். ஜோர்டானின் பெட்ரா நகருக்குப் போகும் சிக் என்ற புகழ்பெற்ற இடுக்கு வழியிலும் 1963ல் பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் சிக்கி மாண்டார்கள். சிக் பிறந்த விதம் வேறு. பூமியின் அசைவில் பாறை பிளந்ததுதான் அங்கே ஆரம்பம், தண்ணீர் பிறகு வந்து மெருகேற்றியது. ஆனால் வெள்ளத்தின் குணம் ஒன்றே. அதை அங்கே வாழ்ந்த நபட்டேயர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிக்கின் வாயில் அணை கட்டி, பாறையில் சுரங்கம் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். காலப்போக்கில் அந்த ஏற்பாடு பாழடைந்த பிறகுதான் 1963 விபத்து நடந்தது. இன்று அதே இடத்தில் மறுபடி அணை இருக்கிறது.

ஆன்டிலோப்பில் அணை கட்டவில்லை. கட்டவும் கூடாது என்பது என் எண்ணம். வெள்ளத்தை நிறுத்தினால் இந்த இடம் அன்றோடு வளர்வதை நிறுத்திவிடும். நவாஹோ மக்கள் செய்திருப்பது வேறு. 1997 முதல் இது அவர்களுடைய பழங்குடிப் பூங்கா. வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. கீழ் ஆன்டிலோப்பில் மர ஏணிகளுக்குப் பதில் பாறையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் படிகள் வந்தன. மேலிருந்து இறக்கிவிட வலைகளும், எச்சரிக்கை ஒலியும் இருக்கின்றன. மேற்புறத்தில் எங்கே மழை என்று வானிலை வானொலியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே சுற்றுலா ரத்து என்று சொன்னால் பயணிகளுக்குக் கோபம் வரும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மேகத்துக்காகத்தான் அந்த ரத்து.

அந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் நவாஹோக்களே. அவர்களில் பெரியவர்கள் முற்காலத்தில் இந்த இடுக்குக்குள் நுழையுமுன் சற்று நின்று, மனத்தை ஒருமுகப்படுத்திக்கொண்ட பிறகுதான் உள்ளே போவார்களாம். இன்றைக்கு வரிசையாக வரும் கூட்டத்தில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனாலும் நல்ல வழிகாட்டி ஒருவர் அமைந்தால், படம் எடுக்க வாகான இடங்களைக் காட்டுவதோடு நிறுத்திவிட மாட்டார். போன வெள்ளத்தில் தரை மணல் எவ்வளவு ஏறியது, எங்கே அரித்துப் போனது என்று காட்டுவார். தரை நிரந்தரம் இல்லை. ஒரு வெள்ளம் மணலைக் கொண்டுவந்து கொட்டித் தரையை உயர்த்தும். அடுத்தது அள்ளிக்கொண்டு போய் முன்பு இருந்ததைவிடப் பள்ளமாக்கும். 2006 அக்டோபரில் வந்த வெள்ளம் வழக்கத்துக்கு மாறாக 36 மணி நேரம் நீடித்து, கீழ் ஆன்டிலோப்பை ஐந்து மாதம் மூடவைத்தது. பேஜுக்கு மேற்கே 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பக்ஸ்கின் கல்ச் என்ற இடுக்கில் நடப்பவர்கள் தலைக்கு மிக உயரே இரு சுவர்களுக்கு நடுவே மரத்தடிகள் செருகி நிற்பதைப் பார்ப்பார்கள். அவற்றை யாரும் ஏற்றி வைக்கவில்லை. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்துபோயிருக்கிறது.

ஆன்டிலோப் ஓடை வடக்கே ஓடி, முன்பெல்லாம் நேராகக் கொலராடோ ஆற்றில் சேர்ந்தது. அந்த ஆறு ஆழமாகிக்கொண்டே போனதால்தான் அதில் சேரும் சிற்றோடைகளும் அதற்கு ஈடுகொடுத்துத் தம் படுகையை அறுத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. கிளென் கேன்யன் அணை வந்த பிறகு நிலைமை மாறியது. 1963ல் தேங்கத் தொடங்கிய பவல் ஏரி 1980ல் நிரம்பியது. ஓடையின் கடைவாய் ஏரிக்குள் மூழ்கியது. ஓடும் நீர் நிற்கும் நீரில் சேர்ந்தால் வேகம் இழந்து சுமந்து வந்த மணலைப் போட்டுவிடும். அறுத்துக்கொண்டிருந்த ஓடை, கடைவாயில் மட்டும் கொட்டத் தொடங்கியது.

இப்போது அதுவும் தலைகீழாகிறது. நீண்ட வறட்சியாலும் ஆற்றின் கீழ்ப்பகுதி மாநிலங்களின் தேவையாலும் ஏரி வற்றி, நிரம்பிய காலத்திலிருந்து இல்லாத அளவுக்கு 2023 வசந்தத்தில் நீர்மட்டம் இறங்கியது. ஏரியோடு சேரும் பக்கப் பள்ளத்தாக்குகளில் எல்லாம், அத்தனை ஆண்டுகள் தங்கிய வண்டலைக் காட்டாறுகள் மறுபடி அறுக்க ஆரம்பித்திருக்கின்றன. ஏரிப் பக்கமிருந்து கயாக்கில் துடுப்புப் போட்டு ஆன்டிலோப்பின் கடைவாய்க்குள் போகிறவர்கள், மட்டம் இறங்கிய ஆண்டுகளில் முன்னதாகவே படகை நிறுத்திவிட்டு, முன்பு தண்ணீருக்குள் இருந்த தரையில் நடக்கிறார்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை ஏரியின் மட்டமும் கடைசியாக வந்த வெள்ளமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. போன பருவத்தில் போய்வந்தவர் சொன்ன வழி இந்தப் பருவத்தில் அப்படியே இருக்காது.